பழைய மெர்சிடிஸ் நடுங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?



இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹென்றி ராய்ஸ் என்ற பொறியாளர் ஒரு பிரெஞ்சுக் காரை வாங்கினார். டெக்காவில் என்பது அதன் பெயர். கார் ஓடியது; ஆனால் அதன் சத்தமும் நடுக்கமும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தவர், கடைசியில் தாமே ஒரு கார் செய்துவிட்டார். 1904 மே மாதம் அவரை வந்து சந்தித்த கார் வணிகர் சார்ல்ஸ் ரோல்ஸ், அந்தக் கார் ஓடிய அமைதியைப் பார்த்து வியந்தார். ரோல்ஸ் ராய்ஸ் பிறந்த கதை இதுதான். உலகின் மிகப் புகழ்பெற்ற ஆடம்பரக் காருக்குத் தாய், ஒரு மனிதரின் காதில் விழுந்த எரிச்சலூட்டும் சத்தம்.

அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யத் தொடங்கியபோது ராய்ஸுக்குப் புதிய தலைவலி வந்தது. எஞ்சின் நீளமானதால் அதன் நடுவில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டும் நீளமானது. ஈரத் துணியைப் பிழியும்போது முறுக்கிக்கொள்வதைப் போல அந்த இரும்புத் தண்டு ஒவ்வொரு வெடிப்பிலும் முறுக்கி, மறுகணம் விடுபட்டது. குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கு அளவு மீறி, தண்டே உடைந்துபோகும் நிலை. தண்டின் முனையில் அதிர்வை உறிஞ்சும் ஒரு கருவியைப் பொருத்திய பிறகே எஞ்சின் அமைதியானது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் எஞ்சினின் முன்பக்கப் புல்லியில் அந்தக் கருவியின் வாரிசு ஒன்று ஒளிந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. விலை உயர்ந்த கார் என்றால் அதிர்வே இல்லாத கார் என்று பொருள் அல்ல. பெட்ரோல் வெடிக்கும் இடத்தில் அதிர்வு இருந்தே தீரும். அது நம் இருக்கைக்கும் ஸ்டீயரிங்கிற்கும் வந்து சேராமல் தடுத்து வைத்திருக்கும் காரே ஆடம்பரக் கார். தடுப்புகள் தளர்ந்தால், ஒளிந்திருந்த அதிர்வு எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்துவிடும்.

பள்ளத்தாக்கின் பழைய நண்பன்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆடம்பரக் கார் என்றதும் பலருக்கு நினைவு வருவது பழைய மெர்சிடிஸ். 1976-இல் வெளிவந்த 123 வரிசை, பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் செய்யப்பட்ட வரிசை. அதற்குப் பின் 1984-இல் வந்தது 124 வரிசை. அப்பா முதன்முதலாக வாங்கிய பெரிய கார், அக்காள் திருமணத்துக்குப் பூ கட்டி ஊர்வலம் போன கார், தாத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன கார் என்று இதற்குக் குடும்பங்களில் தனி இடம் உண்டு. விற்க மனம் வராது. வைத்துக்கொண்டாலோ, ஒருநாள் நடுக்கம் வரும்.

அப்போது நடப்பது என்ன? 'எஞ்சின் மவுண்டிங் போச்சு' என்கிறார் ஒரு மெக்கானிக். மாற்றுகிறார்கள், நடுக்கம் போகவில்லை. 'அப்சோர்பர்' என்கிறார் அடுத்தவர். அதையும் மாற்றுகிறார்கள். மூன்றாமவர் கியர்பாக்ஸில் கைவைக்கிறார். ஆயிரக்கணக்கான ரிங்கிட் போன பிறகு 'பழைய காடி, இப்படித்தான் இருக்கும்' என்ற தீர்ப்பு வருகிறது. வண்டி பழைய இரும்புக்குப் போகிறது. உண்மையில் பழுது எங்கே இருந்திருக்கும்? பல வேளைகளில், பத்து ஆண்டு பழைய டயரில்! நோய் என்ன என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நோயாளி என்ன ஆவாரோ, அதுதான் காருக்கும் ஆகிறது.

மூன்று கேள்விகள்

எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நிற்கும்போது நடுங்குகிறதா, ஓடும்போதா? ஓடும்போது என்றால், எந்த வேகத்தில்? எண்ணெய் மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா?

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்குதான். 124 வரிசையில் பரவலாகப் போடப்படும் 195/65 அளவு, 15 அங்குல டயர் ஒரு சுற்று சுற்றினால் கார் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால், வினாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் டயர் வினாடிக்குப் பன்னிரண்டரை முறை சுற்றுகிறது. எஞ்சினிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு வேகமாக, அதாவது வினாடிக்கு 44 முறை சுற்றும். பழைய நான்கு கியர் ஆட்டோவில் கடைசிக் கியரில் எஞ்சினும் அதே 44 முறை சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பதால், வெடிப்புகள் 88.

இந்த எண்களை உடலே பிரித்துச் சொல்லும். பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் அது உதறல். கோப்பையில் உள்ள தண்ணீர் துள்ளும், ஸ்டீயரிங் கையை ஆட்டும். நாற்பத்து நான்கு என்றால் அது ரீங்காரம்; உள்ளங்காலில் வண்டு நுழைந்ததைப் போல இருக்கும். எண்பதைத் தாண்டினால் அதைக் காதுதான் முதலில் கேட்கும். உதறல் என்றால் சக்கரம். ரீங்காரம் என்றால் ஷாஃப்ட் அல்லது எஞ்சின். இப்போது கைப்பேசியிலேயே அதிர்வை அளந்து எண்ணாகக் காட்டும் செயலிகள் வந்துவிட்டன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பிடித்துப் பார்த்துச் சொல்லலாம். ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது.

ரீங்காரம் எஞ்சினிலா, ஷாஃப்ட்டிலா என்று எப்படிப் பிரிப்பது? காரை நிறுத்தி, 'பி'யில் வைத்து, எஞ்சினை மெல்ல 2,600 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். அங்கேயே அதே ரீங்காரம் வந்தால் எஞ்சின் பக்கம். வரவில்லையா? ஓடும்போது 90-இல் ஆட்டோவை ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். சாலை வேகம் மாறவில்லை, ஷாஃப்ட்டின் வேகமும் மாறவில்லை; எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. ரீங்காரம் அப்படியே இருந்தால் குற்றவாளி ஷாஃப்ட். பத்து நிமிடம், செலவு எதுவும் இல்லை, சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

மலிவான காரணத்தை முதலில் விலக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 'டாட்' என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய கார்கள் குறைவாகவே ஓடுவதால் டயரின் பட்டை தேய்வதில்லை. ஆனால் உள்ளே ரப்பர் கெட்டிப்படுகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகிவிடும். பட்டை புதிதாக இருக்கிறதே என்று பார்த்து ஏமாறக் கூடாது.

எண்பதிலிருந்து நூறுக்குள் ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரங்களின் பேலன்சிங். ஆட்டம் இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க் சீராகத் தேயவில்லை. சீராக உறுமும் சத்தம், இடப்பக்கம் வளையும்போது கூடினால், பாரம் ஏறுவது வலது சக்கரத்தின் மீது. அந்தப் பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 123 வரிசையில் ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்க ஒரு டாம்பர் உண்டு. புது டாம்பர் போட்டால் ஆட்டம் குறைந்ததைப் போலத் தெரியும். சக்கரம் சரியாகாமல் டாம்பரை மாற்றுவது, காய்ச்சலைப் பார்க்காமல் போர்வையை இழுத்து மூடுவதற்குச் சமம்.

நிற்கும்போது நடுங்கினால்

கோலாலம்பூர் நெரிசல்தான் பழைய காருக்குப் பெரிய பரீட்சை. கியர் 'டி'யில், கால் பிரேக்கில், குளிர்சாதனம் முழு வேகத்தில், வெளியே வெயில். எஞ்சின் மவுண்டிங்குக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

முதலில் குளிர்சாதனத்தை அணைத்துப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் கம்ப்ரெசர், அதைத் தாங்கும் பிராக்கெட், அல்லது சுமை ஏறும்போது எஞ்சின் வேகம் விழுவது காரணமாக இருக்கலாம். 'டி'யில் நடுங்கி 'என்'னில் அடங்கினால் மவுண்டிங்கின் மீது சந்தேகம் வலுக்கும். எந்தக் கியரிலும் நொண்டி நடப்பதைப் போலக் குலுங்கினால், மவுண்டிங்கைத் தொடாதீர்கள். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. 800 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 26, 27 முறை வெடிக்கிறது. ஒன்று படுத்துவிட்டால் வினாடிக்கு ஆறு, ஏழு இடைவெளிகள் விழும். ஸ்பார்க் பிளக், அதன் வயர், பெட்ரோல் தெளிப்பான், காற்றுக் கசியும் ரப்பர்க் குழாய் என்று அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எஞ்சினே சீராக ஓடாதபோது புது மவுண்டிங் என்ன செய்யும்?

124 வரிசையில் மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும். அது கசிந்து வடிந்த பிறகும் வெளித்தோற்றம் நன்றாகவே இருக்கும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங்கையும் சேர்த்துப் பார்ப்பது முறை. எஞ்சினைத் தாங்குவது மூன்று கால்கள். இரண்டை மட்டும் மாற்றினால் மூன்றாவது சீக்கிரம் போகும்.

சக்தி போகும் வழியில்

'என்'னிலிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போது 'டொக்' என்று ஓர் அடி. எண்ணெய் மிதிக்கும்போது தரையில் உதறல். இவை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் விடும் அழைப்புகள். 123, 124 இரண்டிலும் இந்த ஷாஃப்ட் இரண்டு துண்டு. முன்னால் கியர்பாக்ஸிலும் பின்னால் டிஃபரென்ஷியலிலும் ஃப்ளெக்ஸ் டிஸ்க் என்ற தடித்த ரப்பர்த் தட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர்.

இந்தத் தட்டில் வெடிப்பு கண்டால் தள்ளிப்போடக் கூடாது. வினாடிக்கு 44 முறை சுற்றும் இரும்புத் தண்டு, பிடி விட்டால் காரின் அடிவயிற்றை அடிக்கும். நடுக்கம் என்பது வசதிக் குறைவு மட்டுமல்ல. நெடுஞ்சாலையில் அது உயிர்ப் பிரச்சினை.

இங்கே பாகத்தைவிட வேலை முறை முக்கியம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு துண்டுகளிலும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் போட வேண்டும். மாற்றிக் கோத்தால் பேலன்ஸ் கெட்டுவிடும். புதுத் தட்டு போட்ட பின், கார் தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில் முன்னும் பின்னும் சற்று உருட்டி, ரப்பர் தன் இயல்பான இடத்தில் உட்கார்ந்த பிறகே நடுவில் உள்ள பெரிய நட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் காரில் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால், புதுப் பேரிங் முதல் நாளிலிருந்தே வலியோடு வேலை செய்யும். 'புது சாமான் போட்டும் சத்தம் போகலையே' என்ற புலம்பல்கள் பலவற்றின் மூலம் இதுதான்.

பணம் கொடுக்கும் முன் இன்னொன்று: புகைக்குழாயைப் பாருங்கள். அதைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்து, குழாய் உடலைத் தொட்டால் கார் முழுக்க மத்தளம் போல முழங்கும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பால்மரம் தந்த அமைதி

மவுண்டிங், தட்டு, வளையம், புஷ்... கவனித்தீர்களா? பழைய காரின் அமைதி முழுவதும் ரப்பரில் இருக்கிறது. அதிர்வைத் தாங்கும் இடங்களில் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பரையே பொறியாளர்கள் நெடுங்காலமாக விரும்பி வந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான முறை இழுபட்டாலும் எளிதில் கிழியாது. பாரம் தாங்கித் தாங்கித் தொய்ந்துபோவதும் குறைவு.

அந்த ரப்பர் எங்கிருந்து போனது? விடியும் முன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் தோட்டப்புறத்துப் பாட்டன் பாட்டிகளின் கைகளிலிருந்துதான். 1925-இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் மரங்களை ஆராய்ந்தது. மலேசிய ரப்பருக்காக இங்கிலாந்தில் இயங்கிய ஆய்வுக்கூடம், அதே ரப்பரால் கட்டடங்களையே நில அதிர்விலிருந்து காக்கும் வழியைக் கண்டது. 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் அப்படி ரப்பர்த் தாங்கிகளின் மேல் எழுப்பப்பட்டது. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலத்தின் அடியிலும் இயற்கை ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன. பாலத்தைத் தாங்குவதும் பழைய மெர்சிடிஸின் எஞ்சினைத் தாங்குவதும் ஒரே தத்துவம்.

ஆனால் ரப்பருக்கும் ஆயுள் உண்டு. வெப்பம், எண்ணெய்க் கசிவு, காற்றில் உள்ள ஓசோன் மூன்றும் அதன் எதிரிகள். குளிர் நாட்டில் அமைதியாக மூப்படையும் ரப்பர், நம் வெயிலில் எஞ்சின் சூட்டோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டிப்படுகிறது. ஆகவே ஹாஃப்கட் கடையில் கழற்றிய மவுண்டிங்கை மலிவு என்று வாங்குவது லாபம் அல்ல. அதன் வயதும் உங்கள் காரின் வயதாகவே இருக்கலாம். பெட்டி பிரிக்காத புதுப் பாகமானாலும் செய்த தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்கத் தெரிந்த காது

கே.எல். சென்ட்ரல் 2001-இல் வரும் முன், பிரிக்பீல்ட்ஸின் அந்த நிலத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் தளம் இருந்தது. தமிழ் ரயில்வேத் தொழிலாளர்கள் வாழ்ந்த வட்டாரம் அது. பிரிட்டிஷ் பாணி ரயில்வேக்களில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலியைக் கேட்டே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை ஒன்று இருந்தது. நல்ல சக்கரம் மணியாக ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதெலும்பிலும் வைத்துக் கேட்கும் மூத்த மெக்கானிக், அதே மரபில் வந்தவர். 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்ததும் இதே தேவையால்தான்: உள்ளே நடப்பதைத் திறக்காமல் அறிய வேண்டும்.

இன்றைய கார்களில் கணினியைச் செருகினால் பழுதின் எண் வரும். 123-க்கு அந்த வசதி இல்லை. அதற்குக் காதும் கையும் பொறுமையும் வேண்டும். அந்தத் திறமைசாலிகள் ஒவ்வொருவராகப் பட்டறையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஓர் இளைஞன் இரண்டு ஆண்டு நின்று கற்றுக்கொண்டால், பழைய கார் இருக்கும்வரை அவனுக்கு வேலை இருக்கும். பெற்றோர் அதை 'கறுப்பெண்ணெய் வேலை' என்று ஒதுக்காமல் இருந்தால் போதும். நோய் கண்டறிய எடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளரும் முகம் சுளிக்கக் கூடாது. பாகம் மாற்றினால்தான் பணம் என்றால், அவர் பாகத்தைத்தான் மாற்றுவார்.

2009-இல், 15 ஆண்டைத் தாண்டிய வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பழைய கார் வைத்திருந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. நம் காரை ஆண்டுதோறும் யாரும் பரிசோதிக்கப் போவதில்லை என்றால், பரிசோதிக்கும் பொறுப்பு நம்முடையது. அடிச்சட்டத்தில் துரு ஏறி, அப்சோர்பர் பிடிக்கும் இடமே உளுத்துப் போயிருந்தால், எவ்வளவு ஆசைப்பட்ட காராக இருந்தாலும் அதைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. பாசம் பெரிதுதான், பின்னிருக்கையில் உட்காரும் பேரப்பிள்ளை அதைவிடப் பெரிது.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது 'காடி நடுங்குது, பாருங்க' என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேகத்தில், எந்தக் கியரில், குளிர்சாதனம் இருந்ததா, கையில் தெரிகிறதா காலில் தெரிகிறதா. பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நடுக்கம் வரும் இடம்வரை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு மறுகேள்வி கேட்கிறவரிடம் காரை விடலாம். படிக்காமலே பாகத்தின் விலையைச் சொல்கிறவரிடம், நன்றி சொல்லிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.